தற்குறி வேறு, கல்லாதவர் வேறு

இணையத்தில் அரசியல் பேசும் தமிழர்கள் எதிராளியை ஒரே சொல்லில் சாய்த்துவிட நினைக்கும்போது எடுத்து வீசுவது ‘தற்குறி’ என்ற சொல்லைத்தான். இதில் கட்சி வேறுபாடு கிடையாது. ஏச்சு வாங்குகிறவர் பெரும்பாலும் பட்டப்படிப்பு முடித்தவராக இருப்பார். பிழையில்லாமல் நாலு பத்தி மறுமொழி எழுதக்கூடியவராகவும் இருப்பார். எழுதத் தெரிந்த ஒருவரை எழுத்திலேயே தற்குறி என்று திட்டுவதும், அவர் அதைப் படித்துக் கோபப்படுவதும் எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும். ஏனென்றால் அந்தச் சொல் பிறந்த இடத்தில் அது வசையே இல்லை. ‘தன்’, ‘குறி’ என்ற இரண்டும் சேர்ந்து உருவான சொல் அது. எழுதத் தெரியாத ஒருவர் ஆவணத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் கையால் போடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். முதலில் அடையாளத்தைக் குறித்த சொல், பிறகு அந்த அடையாளத்தைப் போட்ட ஆளைக் குறித்தது; கடைசியில் யாரை வேண்டுமானாலும் ஏசுவதற்கு உதவும் சொல்லாகிவிட்டது.

சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் விற்ற செய்தியோ கொடை கொடுத்த செய்தியோ முடியும் இடத்தைப் பார்த்தால், ‘இவை இன்னான் எழுத்து’, ‘இவை இன்னான் எழுத்து’ என்று பெயர்கள் வரிசையாக வரும். அங்கே ‘எழுத்து’ என்பதற்குக் கையொப்பம் என்று பொருள். இன்றைய ‘கையெழுத்து’ என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் அப்படியே தங்கியிருக்கிறது. எழுத்து இடத் தெரிந்தவர் எழுத்து இட்டார். தெரியாதவர் தம் குறியை இட்டார். அது இன்னாருடைய குறிதான் என்று எழுதத் தெரிந்த வேறொருவர் சான்று சொன்னார். எழுதத் தெரியாதவருக்கும் சொத்து இருந்தது, வாக்குக்கு மதிப்பு இருந்தது, அவர் ஒப்பாமல் விற்பனை செல்லாது. ஆகவே ஆவணம் எழுதியவருக்குத் தற்குறி என்பது ஒரு நடைமுறைச் செய்தி மட்டுமே. இன்ன இடத்தில் எழுத்து இல்லை, குறி இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கொள்ளுத்தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள் சில இருக்கின்றன. மடித்த இடங்களில் தாள் பிளந்து, மை பழுப்பேறிப் போயிருக்கிறது. ஒரு பத்திரத்தின் அடியில், ஆவணம் எழுதியவரின் வழுவழுப்பான கையெழுத்தில் எங்கள் முன்னோர் ஒருவரின் பெயர் இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்த இரண்டு துண்டுக்கும் நடுவே, நடுங்கும் கையால் இழுத்த குறுக்குக்கோடு ஒன்று. பக்கத்தில் ‘கீறல்’ என்ற குறிப்பு. பேனாவை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் அதை அழுத்திப் பிடித்திருக்கிறார் என்பது மை திரண்டு நிற்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். எழுதியவரின் எழுத்து ஊரில் யாருடையதாகவும் இருக்கலாம். அந்தக் கோடு மட்டும் அவருடையது.

இந்த வழக்கம் பத்திரங்களோடு தொடங்கியதன்று. கீழடி, கொடுமணல் முதலிய அகழாய்வு இடங்களில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் கீறப்பட்ட ஆட்பெயர்களும் இருக்கின்றன, எழுத்து என்று சொல்ல முடியாத வெறும் குறியீடுகளும் இருக்கின்றன. கீழடி ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயரைப் படித்தபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. குறியீடுகளுக்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. ஆனால் இது என் பானை என்று சொல்வதுதான் அவற்றின் நோக்கம் என்றால், ஆதனுக்கும் பெயர் தெரியாத அந்தக் குறிக்காரருக்கும் இடையே வேலையில் வேறுபாடு இல்லை.

சரி, எழுத்தறியாதவரை இகழும் மரபு நம்மிடம் இல்லையா, ‘முகத்திரண்டு புண்ணுடையர் கல்லாதவர்’ என்று குறளே சொல்கிறதே என்று கேட்கலாம். கல்லாமை அதிகாரத்தில் வள்ளுவர் கடுமையாகத்தான் பேசுகிறார். கல்லாதவர் விளைச்சல் தராத களர்நிலத்தைப் போன்றவர் என்றும் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் கல்லாதவரும் பத்திரத்தில் குறி போட்டவரும் ஒரே ஆள் அல்லர் என்பது என் எண்ணம். கல்லாமைக்கு அடுத்தே கேள்வி என்ற அதிகாரம் வருகிறது. அங்கே ‘கற்றில னாயினுங் கேட்க’ என்கிறார். கேட்டறிந்தது ஒருவர் தளரும் நேரத்தில் ஊன்றுகோலாக நிற்கும் என்கிறார். அறிவு காது வழியாகவும் வந்து சேரும் என்பதை ஏற்றுக்கொண்ட சமூகத்தின் பேச்சு இது. ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’ என்ற குறளில் எழுத்தைக் கண் என்று சொன்னாலும், கற்றலை எழுத்துக்குள் மட்டும் அவர் அடைத்துவிடவில்லை.

குறுந்தொகையின் 156ஆம் பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காதலில் தவிக்கும் தலைவன், தன்னை இடித்துரைத்த பார்ப்பனத் தோழனிடம், ‘எழுதாக் கற்பின் நின் சொல்லுள்ளும்’ பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் மருந்து உண்டா என்று கேட்கிறான். எழுதாக் கற்பு என்பது வேதம். வேதத்தை எழுதிவைக்காமல் வாய்வழியாகவே கற்றார்கள். அதனால்தான் அந்தப் பெயர். அக்காலத்தில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்ட கல்விக்கே ‘எழுதாத’ என்பதுதான் அடைமொழி. (இந்தப் பாட்டில் கற்பு என்பதற்குக் கற்கப்படுவது என்று பொருள். அதே சொல் பின்னால் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றப்பட்ட கதை தனியாக எழுத வேண்டியது.) வேதம் முழுவதும் நெஞ்சில் நிற்க, ஓலையில் ஒரு வரியும் எழுதாத ஒருவரை இன்றைய கணக்கெடுப்பில் எந்தக் கட்டத்தில் சேர்ப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

‘கல்வி’ என்ற சொல்லுக்குப் பள்ளி ஆண்டுவிழாக்களில் ஒரு விளக்கம் தவறாமல் சொல்வார்கள். கல்லுதல் என்றால் தோண்டுதல்; அறியாமையைத் தோண்டி எறிவதால் கல்வி. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளையும் துணைக்கு அழைப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வினைகள் இரண்டும் வேறு வேறாக நடக்கின்றன. தோண்டியவன் ‘கல்லினான்’, படித்தவன் ‘கற்றான்’. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. கன்னடத்தில் ‘கலி’ என்று வழங்கும் வினை நம் கற்றலுக்கு உறவு. வள்ளுவரும் அந்தக் குறளில் தோண்டுவதற்குத் ‘தொடு’ என்ற வேறு வினையைத்தான் பயன்படுத்துகிறார். கேணி உவமை, சொல்லின் பிறப்புக்குச் சான்று ஆகாது.

படிப்பதற்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் எல்லாமே வாயோடு தொடர்புடையவை. ஓதுதல் என்றால் வாய்விட்டுச் சொல்லுதல். கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். வாசித்தல் என்பது பேச்சைக் குறிக்கும் ‘வாச்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. வீணையும் வாசிக்கிறோம், நாதசுரமும் வாசிக்கிறோம், செய்தித்தாளும் வாசிக்கிறோம். படித்தல் என்பதை ‘பட்’ என்ற வடமொழி வேரோடு இணைப்பார்கள். தமிழ் வேர்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும், ‘பாட்டுப் படிக்கிறாள்’ என்று கிராமத்தில் சொன்னால் பாடுகிறாள் என்றுதான் பொருள். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழியில் வரும் படித்தவனும் வாய்விட்டுச் சொன்னவனே. கண்ணால் மௌனமாக மேய்வதற்கென்று தனிச்சொல் நம்மிடம் இல்லை. ‘மனத்துக்குள் படி’ என்று ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டில் இந்தக் காட்சியை அருகில் நின்று பார்க்கலாம். குடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை மத்தியஸ்தன் ஏற்கிறான். வேறு ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாது என்பதால் விரலை விரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவன் அதை வாசிக்க வேண்டும். அவன் வாசித்த ஓலையை மண்டபத்தில் இருக்கும் பூசகர்களான நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. வாசிப்பது என்பது சபை நடுவே, பலர் காதில் விழ, பொறுப்போடு செய்யும் காரியமாக இருந்தது.

படிக்கத் தெரியாமை எப்போது அவமானம் ஆகும் என்பதும் இங்கே விளங்குகிறது. மூதுரையில் ஔவையார், காட்டில் கிளைவிட்டு நிற்பவை நல்ல மரங்கள் அல்ல, ‘சபைநடுவே நீட்டோலை வாசியா நின்றான்’தான் நல்ல மரம் என்கிறார். குறிப்பறியத் தெரியாதவனையும் அவனோடு சேர்த்துக்கொள்கிறார். குறளின் கல்லாதவரைப் போலன்றி இவன் நேரடியாகவே எழுத்தைப் படிக்க முடியாதவன். ஓலையை நீட்டுகிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள், அவன் நிற்கிறான். வீட்டுக்குள்ளோ வயலிலோ இருந்தவரைக்கும் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. சபைக்கு வந்து ஓலை கைக்கு வந்த பிறகுதான் மரம் ஆகிறான். சார்பதிவாளர் அலுவலகத்திலும் வங்கியிலும் ‘இதை நிரப்பிக் கொண்டு வாருங்கள்’ என்று படிவம் நீட்டப்படும்போது பக்கத்தில் இருப்பவரைத் தேடும் கண்களுக்கும் இந்த வெண்பா பொருந்தும்.

எழுதுவதற்கு உரிய சொல் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. சங்கப் பாடல்களில் ஓவியத்தை எழுதுவார்கள், மகளிரின் தோளில் தொய்யில் என்ற கோலத்தை எழுதுவார்கள், கண்ணுக்கு மை எழுதுவார்கள். ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்று காமத்துப்பாலில் ஒரு தலைவி சொல்கிறாள்: மை எழுதும்போது கண்ணுக்குக் கோல் தெரியாததுபோல, அவனை நேரில் கண்டால் அவன் குற்றம் தெரிவதில்லை. பல மொழிகளில் எழுதுவதற்கான சொல் கீறுதல், சுரண்டுதல் என்ற பொருளில் தொடங்கியது என்பார்கள். பனையோலையில் எழுத்தாணியால் கீறிய நாமோ அதற்கு ஓவியத்தின் சொல்லை வைத்திருக்கிறோம். கீறல் என்ற சொல்லை எழுதத் தெரியாதவருக்கு விட்டுவிட்டோம். தொல்காப்பியத்தில் ‘எழுத்தெனப் படுப’ என்று தொடங்கும்போது எழுத்து என்பது வரிவடிவத்தை மட்டும் குறிக்கவில்லை, ஒலியையும் குறிக்கிறது. அந்தப் பொருளில் பார்த்தால் பேசும் எவரும் எழுத்து அறிந்தவரே.

பிள்ளைகள் எழுத்துக் கற்கத் தொடங்கும் இடத்துச் சொற்களும் பழையன. அரிச்சுவடி என்பதில் உள்ள ‘அரி’, பாடம் தொடங்கும்போது சொன்ன ‘அரி நமோத்துச் சிந்தம்’ என்ற வணக்கத்தின் முதல் சொல். யாழ்ப்பாணத்தில் முதல் வகுப்புக்கு முந்திய வகுப்பை ‘அரிவரி’ என்பார்கள். எழுத்துத் தொடங்குவதற்கு அங்கே ‘ஏடு தொடக்கல்’ என்று பெயர். எழுத்து வரிசைக்கு நெடுங்கணக்கு என்றும், ஆசிரியருக்குக் கணக்காயர் என்றும் பெயர் இருந்ததால், கணக்கு என்ற சொல் எண்ணுக்கு மட்டும் உரியதாக இல்லை என்பது தெரியும்.

வசைகளுக்கு வருவோம். வடமொழி கலந்து எழுதிய முந்தைய தலைமுறையினர் ‘நிரட்சரகுட்சி’ என்பார்கள். எழுத்து இல்லாத வயிறு என்பது அதன் நேர்ப்பொருள். வயிற்றைக் கிழித்தாலும் ஓர் எழுத்து வராது என்று கிராமத்தில் சொல்வதன் பண்டித வடிவம். ‘பாமரர்’ என்பதை இன்று சாதாரண மக்கள் என்ற கனிவோடு எழுதுகிறோம். பாரதி ‘பாமரராய் விலங்குகளாய்’ என்று அடுக்கியபோது அதில் கனிவு இல்லை. வடமொழியில் அது கீழோன் என்று பொருள்பட்ட சொல். எனக்குப் பிடித்தது ‘மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்’ என்பது. அதில் நகைச்சுவை இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் தங்களைப் பற்றியே சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு அவர்களிடம் ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பக்கம் ஒதுங்கவே விடப்படாத சாதியினரையும் பெண்களையும் நினைத்துக்கொண்டு இந்த வசைகளைத் திரும்பப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும். கதவை அடைத்தவரின் பேரப்பிள்ளை, வெளியே நின்றவரின் பேரப்பிள்ளையைத் தற்குறி என்று அழைப்பதும் இணையத்தில் நடக்கத்தான் செய்கிறது.

இந்த வெவ்வேறு சொற்களை ஒன்றாக உருக்கியது அரசாங்கத்தின் எண்ணிக்கை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டு, 1826இல் குறித்துவைத்த கணக்கில் 12,498 பள்ளிகள் என்று இருக்கிறது. அவர் எண்ணியது பள்ளிகளையும் மாணவர்களையும். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு மனிதரையும் பார்த்து உனக்குத் தெரியுமா என்று கேட்டது. 1881, 1891 கணக்கெடுப்புகளில் கற்றுக்கொண்டிருப்பவர், எழுத்தறிந்தவர், எழுத்தறியாதவர் என்று மூன்று வகை இருந்தது. 1901இல் முதல் வகையை எடுத்துவிட்டார்கள். 1911இல் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும் அதற்கு வரும் பதிலைப் படிக்கவும் தெரிந்தால் எழுத்தறிந்தவர் என்று வரையறுத்தார்கள். இத்தனை வரையறைகளில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் மட்டும்தான் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். இப்போது ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களையே கணக்கில் எடுக்கிறார்கள். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் 80.09 விழுக்காடு.

ஆங்கிலத்திலும் குறையைச் சொல்லும் சொல்தான் முதலில் வந்தது. எழுத்தறியாமையைக் குறிக்கும் ‘இல்லிட்டரசி’ 17ஆம் நூற்றாண்டிலேயே இருக்க, எழுத்தறிவைக் குறிக்கும் ‘லிட்டரசி’ 1880களில்தான் அச்சில் தென்படுகிறது. எல்லாருக்கும் இருக்க வேண்டியது என்று கருதிய பிறகே அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. நம் ‘எழுத்தறிவு’ம் அறிக்கைகளின் வழியே பெருகிய சொல்தான். வெற்றிவேற்கையில் ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்’ என்று வருவது எழுத்தை அறிவித்த ஆசிரியரைப் பற்றியது. அதற்குள் விழுக்காடு எதுவும் இல்லை. பேச்சில் இன்றும் யாரும் ‘எனக்கு எழுத்தறிவு இல்லை’ என்று சொல்வதில்லை. ‘எழுதப் படிக்கத் தெரியாது’ என்பார்கள், அல்லது ‘எழுத்துக் கூட்டிப் படிப்பேன்’ என்பார்கள். அந்த இரண்டாவது நிலைக்குக் கணக்கெடுப்பில் இடமில்லை.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கி, தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு வந்தபோது அதற்கு ‘அறிவொளி’ என்று பெயர் வைத்தார்கள். புதுக்கோட்டையில் 1991இல் அது பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததோடு சேர்ந்து நடந்ததை ஊரே அறியும். பெயரைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எழுத்து இல்லாதவரிடம் அறிவின் ஒளியே இல்லை என்பதுபோல அது தொனிக்கிறது. எங்கள் அப்பத்தா அந்த மாலை வகுப்பில் உட்கார்ந்துதான் பெயர் எழுதக் கற்றுக்கொண்டார். வரப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அதற்கு முன்பும் அவரை ஏமாற்றி யாரும் சொல்லிவிட முடியாது. பெயரை எழுத ஆரம்பித்த பிறகு, தபால்காரரிடம் மைப்பெட்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லும்போது குரல் சற்று உயரும். எழுதி முடித்து, கீழே ஒரு கோடும் இழுப்பார்.

மைப்பெட்டியில் விரலைத் தோய்த்து வைப்பதற்குக் ‘கைநாட்டு’ என்று பெயர். ஆளையும் அப்படியே கைநாட்டு என்று அழைப்போம். விரல்ரேகை அதற்குள் வந்தது பிற்பாடு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரக்குத் தர ஒப்புக்கொண்ட ராஜ்யாதர் கோனாய் என்பவரின் முழுக் கைப்பதிவையும் ஒப்பந்தத்தில் வாங்கினார். பின்னால் மறுக்காதபடி செய்வதே அவருடைய நோக்கம். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக்கென்றே ஓர் அலுவலகம் வந்துவிட்டது. கையெழுத்தைப் போலியாகப் போடலாம், ரேகையை அப்படிப் போட முடியாது என்று தெரிந்த பிறகும், ரேகை வைப்பவருக்கு மட்டும் மதிப்பு உயரவில்லை.

பத்திரப்பதிவுச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 32ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சொத்தை விற்பவரும் வாங்குபவரும், பேராசிரியரானாலும் நீதிபதியானாலும், புகைப்படம் ஒட்டி விரல்ரேகையும் வைக்க வேண்டும். நியாயவிலைக் கடையிலும் இப்போது பெரும்பாலும் விரல் வைத்துத்தான் அரிசி வாங்குகிறார்கள். நாற்று நட்டுக் களை பறித்துத் தேய்ந்த விரல்களை அந்தக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. “ரேகை விழல அப்பத்தா, கையத் தொடச்சுட்டு இன்னொரு தடவ வைங்க” என்று கடைக்காரர் சொல்வார். ஒருமுறை நான் கூடப் போயிருந்தேன். மூன்று விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே, நோட்டக் குடுப்பா” என்றார் அப்பத்தா. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கருவியை என் பக்கம் நகர்த்தினார். அட்டையில் என் பெயரும் இருந்ததால் நான் விரல் வைத்தேன், விழுந்தது.